லக்சனாவின் வருட அட்டை

டேனிஷ் சிற்றூரான கிரின்ஸ்டெட்டில் சுபாஜினியைத் தெரிந்தவர்கள் யாரும் அவளைக் கோபக்காரி என்று சொன்னதில்லை. கோபம் வந்தால் வாய் திறக்காத பழக்கம் அவளுக்கு. வீட்டில் என்றால் சட்டிகள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்படும், அவ்வளவுதான். வேலையிடத்தில் அதுவும் இல்லை. அவள் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள். அங்கே அவளைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெண்ணும் உண்டு, மட்டக்களப்புப் பக்கத்து ஷாமிலா. ஷாமிலா நெட்டை, சுபாஜினி கட்டை. ஷாமிலாவுக்குப் பத்து வயது குறைவு. இருந்தும் அவர்களின் பொறுப்பாளர் ஒருத்தியை மற்றவளின் பெயரால் கூப்பிடாத வாரம் அரிது. மறதிநோய் வந்த கிழவர்கள் பெயரை மாற்றினால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. பொறுப்பாளருக்கு மறதிநோய் இல்லை. "ஷாமிலா, ஆறாம் அறைக்குப் போகிறாயா?" என்றால் சுபாஜினி பேசாமல் ஆறாம் அறைக்குப் போவாள். திருத்தப்போனால் அந்த மனிசி முகம் சிவந்து மன்னிப்புக் கேட்பாள். பிறகு அவளை ஆறுதல்படுத்துகிற வேலையும் தன் தலையில்தான் விழும் என்று சுபாஜினிக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவள் ஒருநாள் நடு வாசலில் நின்று ஊர் பார்க்கக் கத்தினாள். அதற்குக் காரணம் ஒரு பூங்காவின் வருட அட்டை.

அவர்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் ஓட்டத்தில், பைன் காட்டின் ஓரமாக, ட்ரொல்ஹோய் என்ற விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. ராட்டினங்கள், தண்ணீர்ச் சறுக்கு, காட்டுக்கு மேலால் தலையை நீட்டும் மர ரோலர் கோஸ்டர் என்று எல்லாம் உண்டு. ஏப்ரலில் திறந்தால் ஒக்டோபரில் மூடுவார்கள். அங்கே வருட அட்டை எடுப்பது லாபமா நட்டமா என்பதுதான் அந்த வீட்டில் புருசனுக்கும் பெண்சாதிக்கும் நடந்த முதல் வழக்கு.

"இஞ்சேரும் சுபா, மூண்டு தரம் போனாக் காணும். குடுத்த காசு வந்திடும். அதுக்குப் பிறகு போறதெல்லாம் சும்மாதான்," என்றான் குகநேசன். யன்னல் செய்கிற தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் தங்கள் குடும்பங்களுக்கு எடுத்துவிட்டார்களாம்.

"எனக்கு ஒண்டுவிட்ட ஒரு ஞாயிறு வேலை. சனிக்கிழமை பிள்ளையளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். எப்ப போறது?"

"போவம், போவம். ஆசைப்படுதுகள் பாவங்கள்."

அட்டைகள் வந்தன. அதோடு, கொஞ்சமாவது ஆறியிருந்து காலை நீட்டக் கிடைத்த ஞாயிறுகளும் போயின. "போகாட்டி நட்டமெல்லோ" என்பது அந்த வீட்டின் பல்லவி ஆனது. மழை தூறினாலும் போனார்கள், இடுப்பு வலித்தாலும் போனார்கள். சுபாஜினி விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்து, தேத்தண்ணீர் பிளாஸ்கை நிரப்பி, மழைக்கோட்டுகளைத் திணித்து, அங்கே போய் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து அந்தப் பைகளுக்குக் காவல் இருந்தாள். சின்னவன் றொனிஷன் ராட்டினத்தில் சுற்றிவிட்டு வந்து வாந்தி எடுத்தால் துடைத்தாள். ஓய்வு என்ற பெயரில் இன்னொரு வேலை. மாலை வீடு திரும்பும்போது குகநேசன், "இண்டைக்குப் போனதோட நல்ல லாபம்" என்பான். அவனுடைய வாயை அடைக்க அவளுக்குக் கை துருதுருக்கும்.

ஆனாலும் இரண்டாம் வருடம் அட்டையைப் புதுப்பித்தபோது அவள் மறுக்கவில்லை. காரணம் மூத்தவள் லக்சனா. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்று ஆசிரியர்கள் ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்கிற பிள்ளை. அந்த மர ரோலர் கோஸ்டரின் கடைசிப் பெட்டியில், சிநேகிதி ஃபிரேயாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, தொண்டை கிழியக் கூவிக்கொண்டு இறங்குவாள். வாங்கில் இருக்கும் தாய்க்கு அந்தச் சத்தம் கேட்கும். அது தன் மகளின் குரல் என்று நம்பவே முதலில் அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த இரண்டாம் வருடத்து ஜூலையில் குகநேசனின் தங்கை தனுசியா, நாட்டின் மறுகோடியில் உள்ள புரொண்பியிலிருந்து மகள் சாரங்காவோடு விடுமுறைக்கு வந்தாள். சாரங்காவுக்கும் லக்சனாவின் வயதுதான், பதின்மூன்று. லக்சனா அப்போது வீட்டில் இல்லை. ஃபிரேயாவின் குடும்பம் மேற்குக் கடற்கரையில் வைத்திருக்கும் கோடை வீட்டுக்கு அவளையும் கூட்டிப்போயிருந்தார்கள். சனிக்கிழமை காலை, வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த சுபாஜினியைக் குசினியிலிருந்து தனுசியா கூப்பிட்டாள்.

"அண்ணி, லக்சனா இல்லைத்தானே. அவளின்ர கார்ட்டில சாரங்காவைக் கூட்டிக்கொண்டு போவமே? எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாக் காணும்."

"அதில படம் இருக்கு," என்றாள் சுபாஜினி.

தனுசியா சிரித்தாள். "இருந்தா என்ன? உவங்களுக்கு எங்கட பிள்ளையள் எல்லாம் ஒண்டுதான். கறுத்தத் தலைமயிர், மண்ணிறத் தோல். வேற என்னத்தைப் பாக்கப்போறாங்கள்?"

குகநேசனும் சிரித்தான். "அது உண்மைதான்."

றொனிஷனுக்குப் பக்கத்தில் இருந்த சாரங்கா பாணைக் கடித்தபடி, "எனக்கும் டிக்கெட் எடுக்கலாம்தானே அம்மா," என்று டேனிஷில் முணுமுணுத்தாள். தாய் அதைக் காதில் வாங்கவில்லை. சுபாஜினிக்கு நேரமாகிவிட்டது. "என்னவும் செய்யுங்கோ," என்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பின்னேரம் அவள் வந்தபோது வீடு ஒரே சிரிப்பாக இருந்தது. வாசலில் நின்ற பெட்டை படத்தைப் பார்த்தாளாம், சாரங்காவைப் பார்த்தாளாம், "நல்லாய் விளையாடு லக்சனா" என்று சொல்லி உள்ளே விட்டாளாம். தனுசியா அந்தப் பெட்டையைப்போல நடித்துக் காட்டினாள். குகநேசன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

தங்கையும் மகளும் ஞாயிறு இரவு புறப்பட்டார்கள். திங்கள் அன்று லக்சனா வந்தாள். தகப்பன் அதே கதையை அவளுக்கும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"படத்தைப் பார்த்தார்களா?" என்று டேனிஷில் கேட்டாள்.

"ஓமடி, வடிவாப் பாத்தவள்!"

"பார்த்துவிட்டு நான் என்று நினைத்தார்களா?"

"ஓமெண்டுறன்!"

லக்சனா தன் அறைக்குப் போய்விட்டாள். களைத்துப்போய் வந்திருக்கிறாள் என்று சுபாஜினி நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சுபாஜினிக்கு ஓய்வு. லக்சனாவையும் றொனிஷனையும் ஃபிரேயாவையும் ஏற்றிக்கொண்டு ட்ரொல்ஹோய்க்குப் போனாள். வாசலில் அன்று முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றான். ஃபிரேயா அட்டையை இயந்திரத்தில் வைத்தாள். அது கீச்சிட்டது, அவன் தலையை நிமிர்த்தக்கூட இல்லை, அவள் உள்ளே போனாள். றொனிஷனும் போனான். லக்சனா வைத்ததும் அவன் கையை நீட்டி மறித்தான். திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இது நீ இல்லையே."

லக்சனா அவன் பகிடி விடுகிறான் என்று நினைத்துப் பாதி சிரித்தாள். "நான்தான்."

"படத்தில் நீள முடி."

"வெட்டிவிட்டேன்."

"கண்ணாடி இல்லை."

"போன வருடம்தான் போட்டேன். படம் எடுத்தபோது எனக்குப் பதினொன்று."

அவன் அவளை விட்டுவிட்டுச் சுபாஜினியிடம் திரும்பினான். சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற குரலில், "இந்தக் கோடையில் அட்டையை மாற்றிக் கொடுக்கிறவர்கள் நிறைய. அட்டை ஓர் ஆளுக்கு மட்டும்தான்," என்றான்.

"இவள் என் மகள். அட்டை அவளுடையது."

"அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்."

உள்ளே நின்ற ஃபிரேயா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவள் லக்சனாதான்! நாங்கள் ஒரே வகுப்பு!" என்று கத்தினாள். அவன் திரும்பவில்லை. பிறந்த திகதி கேட்டான். லக்சனா உடனே சொன்னாள். "அதைப் பாடமாக்கிக்கொண்டும் வரலாம்," என்றான். சுபாஜினி கைப்பையைத் துழாவி மகளின் மஞ்சள் மருத்துவ அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் படம் இல்லை. அவன் அதைத் தொடவும் இல்லை. பின்னால் வரிசை வளர்ந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாரோ தள்ளுவண்டியைத் திருப்பி அடுத்த வரிசைக்கு மாறினார்கள்.

சுபாஜினியிடம் ஒரு கேள்வி இருந்தது. போன சனிக்கிழமை இதே அட்டையோடு வேறு பிள்ளை வந்தபோது உங்கள் கண் எங்கே போனது? கேட்க வேண்டும். கேட்டால் தன் வீட்டுக் கள்ளத்தைத் தானே வெளியில் எடுத்து வைத்ததாகும். நியாயம் முழுவதும் தன் பக்கம் இருந்தும் அதை எடுத்து வீச முடியாதபடி கையைக் கட்டிப்போட்டது யார் என்று நினைத்தபோது, தனுசியாவின் சிரிப்பும் புருசனின் சிரிப்பும் அவள் காதுக்குள் கேட்டன.

லக்சனாவே சொன்னாள்.

"சனிக்கிழமை என் மச்சாள் இந்த அட்டையோடு வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு அவளை உள்ளே விட்டீர்கள். அவள் நான் இல்லை. இன்றைக்கு நான் வந்திருக்கிறேன். நான் நான் இல்லை என்கிறீர்கள்."

அவன் தொலைபேசியில் யாரையோ அழைத்தான். மேற்பார்வையாளர் வந்தாள், மெல்லிய குரல், இனிய முகம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உண்மையைச் சொன்னதற்கு நன்றி," என்றாள் லக்சனாவிடம். இரவல் கொடுத்த அட்டை விதிப்படி செல்லாது, அதனால் இந்த அட்டை ரத்தாகிறது, விரும்பினால் அதோ அந்த யன்னலில் ஒருநாள் டிக்கெட் எடுக்கலாம் என்றாள்.

அப்போதுதான் சுபாஜினி கத்தினாள்.

"ஓம், அட்டையைக் கொடுத்தது பிழை! எங்கள் பிழை! அதை ரத்துச் செய்யுங்கள்! ஆனால் உங்கள் பிழை எங்கே? நீங்கள் பார்த்தீர்கள்தானே? இரண்டு தரமும் பார்த்தீர்கள்! இரண்டு தரமும் பிழையாகப் பார்த்தீர்கள்! அந்த வெள்ளைப் பிள்ளையை நீங்கள் பார்க்கவே இல்லை!"

இத்தனை வருடமும் வேலையிடத்தில் பேசிப் பழகிய பணிவான டேனிஷ் அவளைக் கைவிட்டது. இலக்கணம் எல்லாம் சிதறி விழுந்தது. அவளுக்கு அது பொருட்டாக இருக்கவில்லை. "என் பிள்ளை உங்களுக்கு எப்போது என் பிள்ளை? எத்தனை வருடம் வந்தால் முகம் தெரியும்?"

"தயவுசெய்து குரலைக் குறைத்துப் பேசுங்கள். இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்," என்றாள் மேற்பார்வையாளர்.

"இதுவும் பிள்ளைதான்!" என்று லக்சனாவைக் காட்டினாள் சுபாஜினி.

தடுப்புக்கு அந்தப் பக்கம் றொனிஷன் அழத் தொடங்கியிருந்தான். ஃபிரேயா அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். நால்வரும் காருக்குத் திரும்பினார்கள்.

பாதி வழியில் லக்சனா பேசினாள். தாய்க்கு நன்றாக விளங்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, இந்த முறை தமிழில் பேசினாள்.

"அண்டைக்கு நீங்களும் வீட்டில நிண்டனீங்கள். றொனிஷன் சொன்னவன். 'அதில படம் இருக்கு' எண்டுதான் நீங்கள் சொன்னனீங்கள். 'அது லக்சனாவின்ர' எண்டு சொல்லேல்லை."

சுபாஜினி வீதியைப் பார்த்து ஓட்டினாள்.

அன்று மாலை குகநேசன் விசயத்தைக் கேட்டுத் துள்ளினான். "துவேசம்! அப்பட்டமான நிறத்துவேசம்! நான் சும்மா விடமாட்டன். பேப்பருக்கு எழுதுவன்!"

"என்னெண்டு எழுதுவியள்?" சுபாஜினி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "அவன் செய்தது துவேசம். ஓம். எங்கட பிள்ளையள் எல்லாம் ஒண்டுதான் எண்டு முதல் சொன்னது ஆர்? அவனோ? இந்த மேசையில இருந்து உங்கட தங்கச்சி சொன்னவ. நீங்கள் பல்லைக் காட்டினியள். அவன் வாசலில செய்ததை நீங்கள் என்ர குசினியில செய்தனீங்கள்."

"அது பகிடிக்குச் சொன்னது, சுபா."

"பகிடியோ? உங்கட பிள்ளையின்ர முகத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு விட்டிட்டு, அது பகிடியோ? போய் அவளிட்டைக் கேளுங்கோ, சிரிக்கிறாளோ எண்டு!"

அவன் பிள்ளையின் அறைக்கதவைப் பார்த்தான். போகத் துணிவில்லை. சுபாஜினி விடவில்லை. அவனுடைய தொலைபேசியையே எடுத்துத் தனுசியாவுக்கு அடித்தாள்.

"ஐயோ அண்ணி, ஒரு கார்ட்டுக்கு இவ்வளவு கதையோ? புதுக் கார்ட் நான் எடுத்துத் தாறன்," என்றாள் தனுசியா.

"கார்ட் எனக்கு வேண்டாம். அவளிட்டை மன்னிப்புக் கேள்."

"சின்னப் பிள்ளையிட்டையோ? என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? அப்ப என்ர பிள்ளையைக் கள்ளி எண்டுறியளோ?"

"உன்ர பிள்ளை தனக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கேட்டது எனக்குக் கேட்டது. உனக்குத்தான் கேக்கேல்லை."

அந்தப் பக்கம் தொடர்பு அறுந்தது. அதன் பிறகு மாதக்கணக்காகப் புரொண்பிக்கும் கிரின்ஸ்டெட்டுக்கும் பேச்சு இல்லை.

பூங்காவுக்கு முறைப்பாட்டைச் சுபாஜினி தானே எழுதினாள். லக்சனா டேனிஷைத் திருத்தினாள். அட்டை இரவல் கொடுத்ததை முதல் வரியிலேயே ஒத்துக்கொண்டார்கள். சில வாரங்களுக்குப் பிறகு பதில் வந்தது. "நீங்கள் அந்தச் சம்பவத்தை அவ்வாறு உணர்ந்ததற்கு வருந்துகிறோம்" என்றிருந்தது. கூடவே இரண்டு இலவச ஒருநாள் டிக்கெட்டுகள்.

"அவ்வாறு உணர்ந்ததற்காம்!" சுபாஜினி அதை நாலு தரம் உரக்க வாசித்தாள். ஒவ்வொரு தரமும் கோபம் ஒரு படி ஏறியது. "சரி, குடுத்தாங்கள்தானே, ஒருநாள் போவம்," என்று குகநேசன் தொடங்கினான். அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினான். அவள் அந்த டிக்கெட்டுகளை ஓர் உறைக்குள் போட்டாள். கூடவே ஒரு துண்டுத் தாளில், "தனுசியா, சாரங்காவை அவளின்ர சொந்தப் பேரில கூட்டிக்கொண்டு போ" என்று எழுதிப் புரொண்பிக்கு அனுப்பினாள்.

தனுசியாவிடமிருந்து பதில் இல்லை. ஆனால் ஒரு மாலை சாரங்கா லக்சனாவை அழைத்தாள். லக்சனா குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்ததால் தொலைபேசியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கதைத்தாள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சுபாஜினிக்கும் கேட்டது.

"அந்த நாள் முழுக்க எனக்கு அருவருப்பாக இருந்தது," என்றாள் சாரங்கா டேனிஷில். "உள்ளே போன பிறகும் மாமா என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். யாராவது கேட்டால் என்ன செய்வது என்று. ஐஸ்கிறீம் வாங்கும்போதும் லக்சனா. அம்மாவும் அப்படித்தான். நான் ஒரு ராட்டினத்திலும் ஏறவில்லை, தெரியுமா?"

லக்சனா பேனையை மூடி வைத்தாள். பிறகு, "நான் உன்னிடம்தான் கோபமாக இருந்தேன்," என்றாள்.

"தெரியும்."

"இப்போது உன்னிடம் இல்லை. மற்றவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது."

"எனக்கும்," என்றாள் சாரங்கா. இரண்டு பேரும் சட்டென்று சிரித்தார்கள். சுபாஜினி சிரிக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் அத்தனை பேரும் சிரித்த வீட்டில், அந்தப் பிள்ளை மட்டும் எங்கே இருந்தாள், என்ன செய்தாள் என்று தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு வெங்காயத்தை வெட்டினாள்.

வசந்தம் வந்தது. அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லிப் பூங்காவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. குகநேசன் இந்த முறை லாபம் என்ற சொல்லை எடுக்கவில்லை. "என்ன செய்வம்?" என்று பொதுவாகக் கேட்டான்.

"எனக்கு வேண்டாம்," என்றாள் சுபாஜினி. "ஞாயிற்றுக்கிழமை நான் படுக்கப்போறன். போகாட்டி நட்டம் எண்டு இனி ஒருத்தரும் என்னட்டைச் சொல்லக்கூடாது. றொனிஷனுக்கு ஆசை எண்டா நீங்கள் டிக்கெட் எடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கோ. பையையும் நீங்களே தூக்குங்கோ."

"லக்சனாவுக்கு?"

லக்சனா தலையை நிமிர்த்தாமல், "நான் எனக்கு எடுத்திட்டன்," என்றாள்.

குளிர்காலம் முழுக்க அவள் பாடசாலை முடிந்து ஒரு வெதுப்பகத்தில் தட்டுக் கழுவினாள். அந்தக் காசு. சுபாஜினிக்கு நெருப்பாக வந்தது. "உனக்கு விசரோ? அவ்வளவு சொன்னவங்களிட்டைத் திரும்பப் போய் உன்ர காசைக் குடுக்கிறியோ?"

"எனக்கு அந்த ரோலர் கோஸ்டர் பிடிக்கும்," என்றாள் லக்சனா. "அவங்களுக்காக நான் ஏன் அதை விடவேணும்?"

அந்த இரவு சட்டிகள் பலத்த சத்தத்தோடு கழுவப்பட்டன.

பூங்கா திறந்த முதல் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை விடுமுறை. மாலை வேலைக்குப் போகிற வழியில் மகளைக் கூட்டிப்போனவள் சுபாஜினிதான். தரிப்பிடத்தில், "நீங்கள் வாசலுக்கு வரவேண்டாம் அம்மா," என்று சொல்லிவிட்டு லக்சனா இறங்கினாள். ஃபிரேயா முன்னமே வந்து கையசைத்தாள். சுபாஜினி கார் யன்னலைத் திறந்துவிட்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். ஒரு வார்த்தை அவர்கள் பிழையாகச் சொல்லட்டும். சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் குளிர்காலம் முழுக்க, இலக்கணம் பிசகாமல், மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

வாசலில் யாரோ புதிய பெட்டை. லக்சனா அட்டையை வைத்தாள். பெட்டை பக்கத்தில் நின்றவனோடு ஏதோ கதைத்துக்கொண்டே கையைக் காட்டினாள். லக்சனா உள்ளே போய்விட்டாள்.

"பாக்கவே இல்லை!" என்று சுபாஜினி வெறும் காருக்குள் சத்தமாகச் சொன்னாள். "திரும்பிக்கூடப் பாக்கேல்லை!" பின்னால் வந்த கார் ஒன்று இடத்துக்காக ஹோர்ன் அடித்தது. அவள் அந்தச் சாரதிக்கும் ஒரு முறைப்பு முறைத்துவிட்டு, காரைப் பின்னெடுத்து, வேலைக்குப் போனாள்.

அன்று மாலை பொறுப்பாளர் நடைவழியில் நின்று, "ஷாமிலா, கொஞ்சம் வருகிறாயா?" என்றாள். சுபாஜினி நின்றாள். "நான் சுபாஜினி," என்றாள். பொறுப்பாளரின் முகம் சிவந்தது. மன்னிப்பு வந்தது. சுபாஜினி அவளை ஆறுதல்படுத்தவில்லை.